பயந்த நாயைப் புரிந்துகொள்வோம்: காப்பகச் சீட்டு முதல் நம் வீட்டு மூலை வரை

காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள். மூன்று நாள் ஆகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்ததுதான், இன்னும் வெளியே தலை காட்டவில்லை. வைத்த சோறு ராத்திரியில் மட்டும் காலியாகிறது. பக்கத்தில் போனால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது சரிப்பட்டு வராதுப்பா, கொண்டு போய் விட்டுடுங்க" என்கிறார். நீங்களும் கைப்பேசியை எடுத்துக் காப்பகத்தின் எண்ணைத் தேடுகிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்க. அந்த அழைப்புக்கு முன்னால் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். திரும்பிப் போகிற நாயின் பதிவேட்டில் "திருப்பி அனுப்பப்பட்டது" என்ற வரியும் சேர்ந்துவிடும். அடுத்து வருகிற குடும்பம் அந்த வரியைத்தான் முதலில் படிக்கும்.

இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: பயந்த நிலையில் ஒரு நாய் காட்டுகிற குணம், அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் உரியது. அதை வைத்து அந்த நாயின் முழுக் குணத்தையும் எழுதிவிட முடியாது. காப்பகத்தில் செய்யும் சோதனைக்கும் இது பொருந்தும், உங்கள் வீட்டின் முதல் மூன்று நாளுக்கும் பொருந்தும்.

பயம் எங்கிருந்து வருகிறது?

பயந்த நாயைப் பார்த்ததும் நாம் சொல்வது, "பாவம், யாரோ நல்லா அடிச்சிருக்காங்க போல." சில நாய்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அடியே வாங்காத நாயும் இப்படிப் பயப்படும். காரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பிறவி. மனிதர்களில் சிலர் கூச்ச சுபாவத்தோடு பிறப்பதுபோல நாய்களிலும் உண்டு. பயந்த தாயின் குட்டிகளில் பயம் கூடுதலாகக் காணப்படும்.

இரண்டாவது, குட்டிப் பருவம். பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை உள்ள காலத்தில்தான் ஒரு குட்டி "இதெல்லாம் என் உலகம், இதற்குப் பயப்பட வேண்டாம்" என்று கற்றுக்கொள்கிறது. 1961-இல் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். வேலி போட்ட வயலில், மனிதர்களோடு பழக்கமே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். சில குட்டிகளை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் எடுத்துப் பழக்கினார்கள். பதினான்கு வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகள் காட்டு விலங்குபோல விலகி ஓடின. பிறகு பழக்கியும் மிகக் குறைவாகவே மாறின. அவற்றை யாரும் அடிக்கவில்லை. பழக வேண்டிய வயதில் பழக்கம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, பின்னால் நடந்தவை. வாகனத்தில் அடிபட்டது, வலையில் பிடிபட்டது, பட்டாசு பக்கத்தில் வெடித்தது, வளர்த்தவர் விட்டுவிட்டுப் போனது.

நம் ஊர்க் காப்பகங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தெருவில் பிறந்த நாட்டு நாய்கள். திறந்த தெருவில் வளர்ந்த நாய்க்கு நான்கு சுவரே புதிது. கால் வழுக்குகிற டைல்ஸ், தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன், குக்கர் விசில், மிக்ஸி சத்தம், லிஃப்ட் கதவு எல்லாமே அதற்கு முதல் அனுபவம். தெருவில் பிடிக்காத ஒன்றைக் கண்டால் ஓடிவிடலாம். வீட்டுக்குள் ஓட வழியில்லை. அதனால்தான் கட்டிலுக்கு அடியில் போகிறது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். வலியும் பயமாகத் தெரியும். காதில் சீழ், உண்ணிக் காய்ச்சல், இடுப்பு மூட்டு வலி இருக்கிற நாயும் ஒதுங்கும், தொட்டால் உறுமும். எனவே முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நாயின் உடம்பு பேசும் மொழி

பயத்தை வால் மட்டும் சொல்லாது. கீழே உள்ள அறிகுறிகளைக் கவனியுங்கள்:

• சாப்பாடு எதுவும் இல்லாதபோது உதட்டையும் மூக்கையும் நக்குவது
• தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது
• தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது
• காதைப் பின்னுக்கு மடித்து, வாலைக் கால்களுக்கு இடையே செருகிக்கொள்வது
• ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது
• குளிர் இல்லாமலே நடுங்குவது, வெயில் இல்லாமலே மூச்சு வாங்குவது
• அப்படியே கல்போல அசையாமல் நின்றுவிடுவது

இந்தக் கடைசி அறிகுறியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அசையாமல் நிற்கிற நாயை, "எவ்வளவு சாதுவா இருக்கு பாருங்க, தொட்டாக்கூட ஒண்ணும் பண்ணல" என்று சொல்லிவிடுகிறோம். அது சாது இல்லை, பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து உறைநிலை கலைந்த பிறகு முதன்முறையாக உறுமும்போது, "திடீர்னு மாறிடுச்சு" என்று நாம் திடுக்கிடுகிறோம்.

உறுமலைப் பற்றி ஒரு வார்த்தை. உறுமல் என்பது நாய் கொடுக்கிற எச்சரிக்கை. "இதற்கு மேல் வராதே" என்று அது சொல்கிறது. அதற்காக அடித்தால் பயம் போகாது, உறுமல் மட்டும் நின்றுபோகும். அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். உறுமினால் பின்வாங்குங்கள். எதற்காக உறுமியது என்று குறித்து வையுங்கள்.

காப்பகங்கள் குணத்தை எப்படி எடை போடுகின்றன?

வெளிநாட்டுக் காப்பகங்களில், குறிப்பாக அமெரிக்காவில், 1990-களிலிருந்து குணச் சோதனைகள் பரவலாயின. அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் 'சேஃபர்' என்ற சோதனை முறை அவற்றில் பெயர் பெற்றது. இத்தகைய சோதனைகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். நாயை ஒரு தனி அறைக்குக் கொண்டு வருவார்கள். சில நிமிடங்களில் வரிசையாகச் சிலவற்றைச் செய்து பார்ப்பார்கள்:

1. முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது.
2. உடம்பு, காது, பாதம் ஆகியவற்றைத் தொடுவது, மெல்லப் பிடிப்பது.
3. விளையாட அழைப்பது.
4. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கோலில் பொருத்திய ரப்பர் கையால் தட்டை நகர்த்துவது.
5. அறிமுகமில்லாத ஒருவர் உள்ளே வருவது.
6. இன்னொரு நாயைக் காட்டுவது.

ஒவ்வொன்றுக்கும் நாய் என்ன செய்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். கூடவே, கூண்டுக்குள் இருக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது, முன்பு வளர்த்தவர் என்ன சொன்னார் என்பதையும் குறிப்பார்கள். நம் ஊரில் எல்லாக் காப்பகத்திலும் இப்படி எழுத்து வடிவச் சோதனை நடப்பதில்லை. பல இடங்களில் தினமும் சோறு வைப்பவரின் அனுபவம்தான் அளவுகோல். அதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

சோதனை எங்கே சறுக்குகிறது?

நோக்கம் நல்லது. கடிக்கிற நாய் குழந்தை உள்ள வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஆனால் 2016-இல் கேரி பேட்ரனெக், ஜானிஸ் பிராட்லி என்ற இருவர் ஒரு கால்நடை நடத்தையியல் ஆய்விதழில் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. இந்தச் சோதனைகள் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானவை அல்ல என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தின் கணக்கை ஓர் எளிய உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

ஒரு காப்பகத்தில் 100 நாய்கள். அவற்றில் 10 மட்டும் உண்மையிலேயே ஆபத்தானவை, 90 நல்லவை. சோதனை பத்துக்கு எட்டு தடவை சரியாகச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தான 10-இல் 8-ஐக் கண்டுபிடித்துவிடும். நல்ல 90-இல் பத்துக்கு இரண்டு வீதம், 18 நாய்களைத் தவறாக "ஆபத்து" என்று சொல்லிவிடும். ஆக மொத்தம் 26 நாய்களுக்கு "ஆபத்து" முத்திரை விழுகிறது. அதில் உண்மையாகவே ஆபத்தானவை 8. மூன்றில் ஒன்றுகூட இல்லை. மீதி 18 நாய்கள் செய்யாத குற்றத்துக்கு மாட்டிக்கொள்கின்றன. அதே சமயம், சோதனையில் தேறிய 74 நாய்களுக்குள் 2 ஆபத்தான நாய்களும் இருக்கின்றன. ஆபத்தான நாய்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கிற வரை, எவ்வளவு நல்ல சோதனைக்கும் இந்தச் சிக்கல் வரும்.

இரண்டாவது சிக்கல், இடம். காப்பகம் என்பது இரவு பகலாகக் குரைப்புச் சத்தம் கேட்கிற, புது வாசனைகள் நிறைந்த, ஒளிய இடமில்லாத ஓர் இடம். அங்கே வந்த முதல் சில நாட்களில் நாயின் உடம்பில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்தச் சுரப்பு உயர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் 5 காப்பகங்களிலிருந்து நாய்களை ஓரிரு இரவு மட்டும் தன்னார்வலர் வீடுகளில் தங்க வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தபோது அந்தச் சுரப்பு குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே போனது. நாய் ஒன்றுதான், இடம் மாறினால் உடம்பு மாறுகிறது.

மூன்றாவது, சாப்பாட்டுத் தட்டுச் சோதனை. 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில், காப்பகத்தில் தட்டைத் தொட்டபோது சீறிய நாய்களைத் தத்தெடுத்தவர்களிடம் பிறகு விசாரித்தார்கள். ஏறக்குறைய பாதி நாய்கள்தான் வீட்டிலும் அப்படிச் செய்தன. மறுபக்கம், காப்பகத்தில் ஒன்றும் செய்யாத நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வீட்டுக்குப் போன பிறகு சீறியது. தேறியதும் முழு உத்தரவாதம் இல்லை, தேறாததும் முழுத் தீர்ப்பு இல்லை.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? அப்படியில்லை. ஒரே நாளில் போடும் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் பாடம். இப்போது நல்ல காப்பகங்கள் பல நாள் கவனிப்பு, முன்பு வளர்த்தவர் தந்த தகவல், மற்ற நாய்களோடு விளையாடும் விதம், தன்னார்வலர் வீட்டில் தங்கிய குறிப்பு என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. சோதனை அவற்றில் ஒன்று. மிக அதிகமாகப் பயந்த நாய்களுக்கென்றே, மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம் 2018-இல் வட கரோலினா மாநிலத்தின் வீவர்வில் என்ற ஊரில் ஒரு மறுவாழ்வு மையமும் திறந்தது. தத்துக்குக் கொடுக்கவே முடியாது என்று ஒதுக்கப்படும் நிலையில் இருந்த நாய்களைப் படிப்படியாகப் பழக்கி, வீடுகளுக்கு அனுப்புவது அதன் வேலை.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி இப்போது முக்கியமாகிவிட்டது. 2023-ஆம் ஆண்டின் விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெரு நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில், ரேபிஸ் உள்ள அல்லது ரேபிஸ் என்று சந்தேகிக்கப்படும் நாய்களுக்கும், ஆக்ரோஷமான நடத்தை காட்டும் நாய்களுக்கும் இதிலிருந்து விலக்கு அளித்தது. அவை திரும்ப விடப்படாது. அப்படியானால் எது ஆக்ரோஷம், எது பயம் என்று பிரித்துப் பார்க்கிற கண் எவ்வளவு தேவை என்பதை யோசித்துப் பாருங்கள். மக்களின் பாதுகாப்பும் அந்த நாயின் வாழ்க்கையும் அந்தக் கண்ணைத்தான் நம்பியிருக்கின்றன.

காப்பகத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

"இது கடிக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. இப்படிக் கேளுங்கள்:

• இங்கே வந்து எத்தனை நாள் ஆச்சு? முதல் நாளுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்?
• யார் போனால் வருகிறது? யாரைக் கண்டால் ஒதுங்குகிறது?
• எதைக் கண்டு பயப்படுகிறது? பயந்தால் ஓடுமா, உறையுமா, உறுமுமா?
• பயந்த பிறகு எவ்வளவு நேரத்தில் சாப்பிடத் தொடங்குகிறது?
• மற்ற நாய்களோடு எப்படி இருக்கிறது?
• யாரையாவது கடித்திருக்கிறதா? எப்போது, எந்தச் சூழ்நிலையில்? தோல் கிழிந்ததா?
• ரேபிஸ் தடுப்பூசி எப்போது போடப்பட்டது? சான்று இருக்கிறதா?

இதில் முதல் கேள்விக்கும் நான்காவது கேள்விக்கும் கிடைக்கிற பதில்தான் அதிகம் உதவும். பயந்தாலும் ஐந்து நிமிடத்தில் தேறிக்கொள்கிற நாய், நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னேறுகிற நாய், வீட்டில் நன்றாக ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். முடிந்தால் ஒரே நாளில் முடிவு செய்யாமல், இரண்டு மூன்று தடவை வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். கூண்டுக்கு வெளியே, சத்தமில்லாத இடத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் என்ன செய்வது?

காப்பகத்துக்காரர்கள் "மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடுதல், மூன்று மாதத்தில் "இது என் வீடு" என்ற நினைப்பு. இது அனுபவக் கணக்கு. மிகவும் பயந்த நாய்க்கு இதைவிட அதிக காலம் ஆகலாம். அதுவரை செய்ய வேண்டியவை:

ஒரு மூலையை ஒதுக்குங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், பழைய போர்வை போட்டு, மூன்று பக்கம் மறைப்பாக வையுங்கள். அட்டைப் பெட்டியே போதும். அந்த மூலையில் இருக்கும்போது யாரும் அதைத் தொடக் கூடாது, இழுக்கக் கூடாது. குழந்தைகளுக்கு இதைத்தான் முதல் சட்டமாகச் சொல்லிக் கொடுங்கள்.

நீங்கள் அதனிடம் போகாதீர்கள், அது உங்களிடம் வரட்டும். அறையின் மறு ஓரத்தில், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம். செய்தித்தாள் படியுங்கள், வெங்காயம் உரியுங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள்.

தின்பண்டத்தை நாய்க்குப் பின்னால் போடுங்கள். இது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். கையில் வைத்து நீட்டினால், ஆசையால் வந்துவிட்டு, வந்த பிறகு பயந்து மாட்டிக்கொள்ளும். பின்னால் போட்டால், தின்பதற்காக விலகிப் போகும், பிறகு தானாகவே திரும்பி உங்களைப் பார்க்கும். விலகிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் நெருங்கி வர தைரியம் வரும்.

கேட்டுத் தடவுங்கள். அது தானாக வந்து முகர்ந்தால், தலைக்கு மேலே கையைக் கொண்டு போகாமல் நெஞ்சுப் பக்கமோ கழுத்தோரமோ மூன்று வினாடி தடவுங்கள். பிறகு கையை எடுத்துவிடுங்கள். இன்னும் நெருங்கி வந்தால் சம்மதம். தலையைத் திருப்பினாலோ உதட்டை நக்கினாலோ இன்றைக்கு அவ்வளவு போதும்.

சத்தத்துக்குப் பிறகு தீனி. மிக்ஸிக்குப் பயந்தால், பக்கத்து அறையில் கதவைச் சாத்திவிட்டு ஒரு வினாடி ஓட்டச் சொல்லுங்கள். உடனே ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். வரிசை முக்கியம். முதலில் சத்தம், அடுத்து தீனி. மாற்றிச் செய்தால், தீனியைக் கண்டாலே "ஏதோ சத்தம் வரப்போகுது" என்று பயப்படக் கற்றுக்கொள்ளும். சத்தத்தைக் கேட்டதும் பயந்து ஒளியாமல் உங்களைத் திரும்பிப் பார்த்தால், நாளைக்கு இன்னும் கொஞ்சம் நீட்டலாம். தீனியைத் தொடவே மறுத்தால், அது தாங்க முடியாத அளவுக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி பின்னால் போங்கள்.

ஆறுதல் சொன்னால் பயம் கூடுமா? கூடாது. "கொஞ்சினா இன்னும் பயந்துக்கும்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். பயந்த நாய் உங்கள் பக்கத்தில் வந்து ஒண்டினால் ஒண்டட்டும். ஆனால் பட்டாசுச் சத்தம் பழகட்டும் என்று தெருவில் கட்டிப்போடுவது கொடுமை. தீபாவளிக்கு முன்பே உள்ளறையைத் தயார் செய்யுங்கள். சன்னலை மூடி, டிவியையோ ஃபேனையோ ஓட விடுங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே வெளியே கூட்டிப் போய் வந்துவிடுங்கள். மிகவும் பயப்படுகிற நாய்க்கு மருந்து இருக்கிறது, ஆனால் அதைக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். வீட்டில் இருக்கிற மனிதர் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓடிப்போவதைத் தடுங்கள். பயந்த நாய் முதல் சில வாரங்களில் கதவு இடுக்கில் நழுவி ஓடினால், கூப்பிட்டாலும் வராது. உங்களைக் கண்டும் ஓடும். கழுத்துப் பட்டையோடு உடம்பில் மாட்டுகிற ஹார்னஸும் போட்டு, இரண்டிலும் கயிறு கட்டி வெளியே கூட்டிப் போங்கள். பட்டையில் உங்கள் கைப்பேசி எண் இருக்கட்டும்.

முன்னேற்றத்தைக் கைப்பேசியில் பதியுங்கள்

பயந்த நாயிடம் மாற்றம் மெதுவாக வரும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. "ஒரு மாசமா ஒண்ணுமே மாறல" என்று தோன்றும். வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஒரு நிமிடக் காணொளி எடுத்து வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், கைப்பேசியை முகத்துக்கு நேராகவும் நீட்ட வேண்டாம். அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அறையை விட்டுப் போய்விடுங்கள். யாரும் இல்லாதபோது அது வெளியே வந்து வீட்டை முகர்ந்து பார்ப்பதை அப்போதுதான் பார்ப்பீர்கள். நான்கு வாரக் காணொளிகளை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மருத்துவரிடமும் காப்பகத்திலும் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. தடுப்பூசித் தேதி, குடற்புழு மருந்துத் தேதி இரண்டையும் கைப்பேசி நாட்காட்டியில் நினைவூட்டலாக வைத்துவிடுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

நாய்மீது பரிவு இருக்கலாம், அலட்சியம் இருக்கக் கூடாது. பயந்த நாய் கடிக்கும். மூலையில் மாட்டிக்கொண்டால் நிச்சயம் முயலும்.

• சிறு குழந்தையையும் பயந்த நாயையும் ஒரே அறையில் தனியாக விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட.
• கடித்தாலோ நகம் கீறினாலோ, உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசியை மருத்துவர் சொல்லும் நாட்களில் விடாமல் போட்டு முடியுங்கள்.
• நன்றாக இருந்த நாய் திடீரென்று இருட்டில் ஒளிவது, எச்சில் வடிப்பது, விழுங்க முடியாமல் தவிப்பது, குரல் மாறுவது, தள்ளாடுவது ஆகியவற்றைக் கண்டால், அதைக் கூச்சம் என்று நினைக்காதீர்கள். அது ரேபிஸாக இருக்கலாம். தொடாமல் ஒதுங்கி, கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.
• ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கடிக்க வருகிறது, தோல் கிழியக் கடித்துவிட்டது என்றால், வீட்டு வைத்தியம் போதாது. மருத்துவரிடமும் காப்பகத்திடமும் வெளிப்படையாகப் பேசுங்கள். சில நாய்களுக்குக் குழந்தைகள் இல்லாத வேறு வீடுதான் பொருத்தம். அப்படி முடிவெடுப்பதில் தவறில்லை. மறைத்துவிட்டு வேறொருவர் தலையில் கட்டுவதுதான் தவறு.

உரிமமும் உதவி எண்களும்

சென்னை மாநகராட்சிப் பகுதியில் வசிப்பவர்கள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும். மாநகராட்சி இணையதளத்தில் கைப்பேசியிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் நாயின் படமும் கைவசம் இருக்கட்டும். மைக்ரோசிப் பொருத்தும்போது பயந்த நாயைக் கூட்டமான நேரத்தில் கொண்டு போகாதீர்கள். முன்கூட்டியே விசாரித்து, கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். காத்திருக்கும்போது தள்ளி நில்லுங்கள். மற்ற ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கால்நடைகளுக்கான அவசர மருத்துவ உதவிக்கு 1962, மனிதர்களுக்கான மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108. இந்த மூன்றையும் இப்போதே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள்.

சரி, முதலில் சொன்ன வீட்டுக்கு வருவோம். கட்டிலுக்கு அடியில் இன்னும் அந்த நாய் இருக்கிறது. காப்பகத்தை அழைப்பதில் தப்பே இல்லை, அழையுங்கள். ஆனால் "கூட்டிட்டுப் போயிடுங்க" என்பதற்குப் பதிலாக, "அங்கே இருந்தப்போ இது யாரிடம் சாப்பிட்டது, எந்த நேரத்தில் வெளியே வந்தது?" என்று கேளுங்கள். பதிலைக் குறித்துக்கொண்டு, இன்று ராத்திரி விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கட்டிலிலிருந்து ஆறடி தள்ளித் தரையில் உட்காருங்கள். ஒரு துண்டு தீனியை அதற்குப் பின்னால் போடுங்கள். அப்புறம் அதைப் பார்க்காமல் உங்கள் வேலையைப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், "மூணு நாள்தானே ஆச்சு அக்கா, மூணு மாசம் போகட்டும்" என்று சொல்லுங்கள்.